கற்றாழையும் மேனி வண்ணமும்

அண்மையிலுள்ள பொருளின் அருமையை அறியாதிருத்தலும், பிறர் சொல்லக் கேட்டு அறிந்த பின்னர் அதனையே அளவிறந்து புகழ்தலும் மக்கட்கு இயல்பாய் அமைந்த இரு குறைகள். இவ்விரண்டிற்கும் ஒருங்கே இலக்காயிருப்பது நம் வீட்டு முற்றத்துச் சோற்றுக்கற்றாழை. வேலியோரத்திற் கேட்பாரற்றுக் கிடந்த அச்செடி இன்று அழகுப்பொருட் கடைகளில் புட்டிதோறும் பச்சை மடலாய்ப் படம் பெற்று விளங்குகின்றது. முகம் கழுவும் குழம்பிலும், தலைக்கிடும் எண்ணெயிலும், ஆடவர் சவரத்திற்குப் பின் தடவும் களிம்பிலும் அதன் பெயர் காணப்படுகின்றது. இச்செடிக்கு உண்மையில் உள்ள நன்மை யாது, இல்லாத நன்மை யாது, அவ்விரண்டையும் பிரித்தறியாமையால் நம் இளைஞர்க்கு விளையுங் கேடு யாது என்பவற்றை ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

யான் வாழும் வேலப்பன்சாவடி, சென்னையினின்று மேற்கு நோக்கிச் செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலையின்மீது அமைந்த ஊர். வழிப்போக்கர் தங்கும் சாவடியைப் பெயரிலே தாங்கிய அவ்வூரில் இப்பொழுது தங்கிச் செல்வோர் சிலர். விரைந்து செல்வோர் பலர். சரக்கு வண்டிகளும் பேருந்துகளும் இரவும் பகலும் எழுப்பும் புழுதி, இருமருங்கிலுமுள்ள வீடுகளின் சுவரிலும் மனிதர் முகத்திலும் ஒருசேரப் படிகின்றது. சித்திரை, வைகாசித் திங்களிற் காயும் வெயிலோ சொல்லுந்தரமன்று. இத்தகைய ஊரில் தோலைக் குறித்த கவலை செல்வர்க்கே உரிய பொழுதுபோக்கன்று. சாலையோரத்திற் கடை வைத்திருப்போர்க்கும், இருசக்கர வண்டியில் வேலைக்குச் செல்வோர்க்கும், பேருந்து நிறுத்தத்திற் காத்து நிற்கும் மாணவர்க்கும் அஃது அன்றாடக் கவலை. ஆதலின், காசின்றிக் கிடைக்கும் ஒரு செடி அக்கவலைக்கு எவ்வளவு துணைசெய்யும் என்று உசாவுதல் வீண்செயலாகாது.

முதற்கண் பெயரைக் காண்போம். கல், தாழை என்னும் இரு சொற்களும் புணர்ந்து கற்றாழையாயின என்று கொள்ளுதற்குப் புணர்ச்சிவிதி இடந்தருகின்றது. தாழைபோல் முள்விளிம்புடைய மடலும், கல்லாங்குத்து நிலத்திலும் வளருந் திறனும் உடைமையால் அப்பெயர் பொருந்துவதே. மடலினுள்ளே சோறுபோல் வெண்மையும் வழவழப்புமான சதை இருத்தலின் சோற்றுக்கற்றாழை என்றனர். சித்த வைத்திய நூலார் இதனைக் குமரி என வழங்குவர். குமரி எண்ணெய், குமரி லேகியம் என்பன அவ்வழக்கின் வழிவந்த மருந்துப் பெயர்கள். மேனாட்டார் இதனை அலோ வீரா என்பர். ‘வீரா’ என்னும் இலத்தீன் சொல் உண்மையானது என்று பொருள்படும். அலோ என்னும் பேரினத்தில் 500-க்கு மேற்பட்ட வகைகள் உள. அவற்றுள் நாம் கூறும் வகைக்கு அரபு நாட்டுத் தீபகற்பமே பிறப்பிடம் என இக்காலத் தாவரநூலார் கருதுகின்றனர். வந்தேறிய செடியாயினும், நம் மண்ணில் வேரூன்றி நம் மொழியிற் பெயரும் பெற்றமையின் அதனை அயலது என்று சொல்வார் இன்று ஒருவருமிலர்.

கற்றாழை என்று பெயர்பெற்ற யாவும் ஒன்றல்ல என்பதை ஈண்டு அழுத்திச் சொல்லுதல் வேண்டும். ரயில் பாதையோரத்திலும் தோப்பு வேலியிலும் ஆள் உயரத்திற்கு வளர்ந்து, நாரெடுக்கப் பயன்படும் ஆனைக்கற்றாழை அமெரிக்கக் கண்டத்தினின்றும் வந்த வேறொரு குடும்பத்துச் செடி. அதன் சாற்றில் ஊசிபோன்ற நுண்ணிய படிகங்கள் உள்ளன. அவை தோலிற் பட்டால் அரிப்பும் தடிப்பும் எரிச்சலும் உண்டாகும். பெயரொற்றுமை கண்டு அதனை முகத்தில் தடவுவோர் நலம் வேண்டி நோயைத் தேடிக்கொண்டவராவர். பெயர் ஒன்று பொருள் வேறு என்னும் உண்மை இலக்கணத்தில் மட்டுமன்றி மருத்துவத்திலும் கற்கத்தக்கதாம்.

இப்பெயர் மயக்கம் நம் திருமறையிலும் உண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். யோவான் சுவிசேஷம் 19-ஆம் அதிகாரத்தில், நிக்கொதேமு ஆண்டவருடைய சரீரத்தை அடக்கம்பண்ணுதற்குக் கொண்டுவந்த நறுமணப் பொருள்களுள் ஒன்றைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கரியபோளம் என்றனர். கரியபோளமாவது கற்றாழைச் சாற்றை வற்றக் காய்ச்சிய கரிய கட்டி. நாட்டு மருந்துக்கடைகளில் மூசாம்பரம் என விற்கப்படுவதும் அதுவே. ஆங்கில வேதத்தில் இதே பெயரால் வழங்கும் பொருளை 45-ஆம் சங்கீதத்தில் நம் மொழிபெயர்ப்பாளர் சந்தனம் என்றெழுதினர். பழைய ஏற்பாட்டிற் கூறிய அம்மணப்பொருள் கற்றாழை அன்று, அகில் மரமே என்பது அறிஞர் பலர் துணிபு. எபிரேயச் சொல்லே நம் ‘அகில்’ என்பதனோடு உறவுடையதென்றும் அவருட் பலர் கருதுவர். நிக்கொதேமு கொணர்ந்தது அகிலா, கற்றாழைக் கட்டியா என்பதிற் கருத்து வேறுபாடு உளது. ஆதலின், வேதத்திற் புகழப்பட்ட செடி என்று புட்டியின்மேல் அச்சிட்டு விற்பார் சொல்லை அப்படியே நம்புதல் கற்றோர்க்கு அழகன்று.

இனி இச்செடியின் இயல்பைக் காண்போம். நம் ஊர்களிற் கண்ணேறு கழியும்பொருட்டு வீட்டு வாயிலின்மேல் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவர். மண்ணும் நீருமின்றி அது பல வாரங்கள் வாடாதிருத்தலைக் கண்டு, காற்றையே உண்டு வாழ்கின்றது என்று வியப்போரும் உளர். அதன் மறைபொருள் வேறு. பெரும்பாலான செடிகள் பகலில் தம் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உட்கொள்ளும். அப்பொழுது உள்ளிருக்கும் நீரும் ஆவியாய்ப் போய்விடும். கற்றாழையோ பகல் முழுதும் துளைகளை மூடி வைத்து, வெம்மை தணிந்த இரவில் திறந்து வாயுவை ஏற்று, அதனைப் புளிப்புப் பொருளாக்கிச் சேமித்துக்கொண்டு, மறுநாட் பகலில் உணவு சமைக்கின்றது. இங்ஙனம் சிக்கனமாகச் சேர்த்த நீரை மடலினுள் வழவழப்பான சதையிற் பிணித்து வைத்துள்ளது. நம் தோலுக்கு அது செய்யும் உதவியெல்லாம் பெரிதும் இந்நீர்ச் சேமிப்பின் பயனே.

மடலை அறுத்து நோக்கின் இருவகைச் சாறு காணலாம். பச்சைத் தோலுக்கு அடியில் ஊறி வழிவது மஞ்சள் நிறமும் கைப்பும் உடைய பால். நடுவில் இருப்பது கண்ணாடிபோல் தெளிந்த சதை. இவ்விரண்டும் குணத்தால் முற்றும் வேறானவை. மஞ்சட்பாலில் அலோயின் என்னும் பொருள் உளது. 1851-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரத்து ஸ்மித் என்பார் இருவர் அதனைப் பிரித்தெடுத்தனர். கடும்பேதியை உண்டாக்குவது அது. தோலிலும் சிலருக்கு அரிப்பை விளைக்கும். 2002-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தார், மருத்துவர் சீட்டின்றி விற்கும் பேதிமருந்துகளில் கற்றாழைப் பொருளைச் சேர்த்தலாகாதென விலக்கினர். முழு மடலையும் அரைத்தெடுத்த சாற்றை, மனிதருக்குப் புற்றுநோய் விளைத்தல் கூடும் என்னும் ஐயப்பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் சேர்த்துள்ளது. நம் பாட்டிமாரோ இவ்வாராய்ச்சிகளுக்கு நெடுங்காலம் முன்னரே, மடலை அறுத்து மஞ்சட்பாலை வடியவிட்டு, தோல் சீவி, சதையை ஏழுமுறை நீரிற் கழுவியே கையாண்டனர். காரணம் கூறினாரல்லர், காரியத்தைச் செம்மையாகச் செய்தனர். இக்காலத்தார் பலர் அவ்வேழு கழுவலை மறந்து, செடியின் பெருமையை மட்டும் நினைவில் வைத்துள்ளமை வருந்தத்தக்கது.

தெளிந்த சதையின் நூற்றில் 98 அல்லது 99 பங்கு நீரே. எஞ்சிய சிறு பங்கில் அசிமன்னன் என்னும் ஒருவகைச் சர்க்கரைத் தொடர்ப்பொருளும், உப்புக்களும், பிறவும் உள்ளன. அசிமன்னனே அந்நீரைச் சிந்தவிடாது வழவழப்பாக்கிப் பிடித்து நிற்பது. தோலின்மேல் தடவியவுடன் நீர் மெல்ல ஆவியாகி வெம்மையைக் கவர்ந்து செல்கின்றது. அதனாற் குளிர்ச்சி தோன்றுகின்றது. பின்னர் மெல்லிய படலம் ஒன்று தோலின்மேல் நின்று, மேற்பரப்பிலுள்ள ஈரம் விரைந்து போகாவண்ணம் சிறிது நேரம் காக்கின்றது. வறண்ட தோல் மென்மையடைதலும், வெயிலில் எரிந்த தோல் ஆறுதல் பெறுதலும் இங்ஙனமே. இது சிறு நன்மையாகத் தோன்றலாம். எண்ணெய்ப்பசை வேண்டாதார்க்கும், விலை கொடுத்து வாங்க இயலாதார்க்கும், புழுதியிலும் வெயிலிலும் உழைப்பார்க்கும் இச்சிறு நன்மை பெருநன்மையே.

இதற்குமேல் மருத்துவர் ஆராய்ந்து கண்டதென்ன? 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காலின்ஸ் என்னும் மருத்துவர் இருவர், எக்ஸ் கதிர்களால் தோல் வெந்து துன்புற்ற ஒருவருக்குக் கற்றாழை மடலையே இட்டுக் குணங்கண்டதாக எழுதினர். மேனாட்டில் இச்செடியின் புகழ் அதன்பின் ஓங்கிற்று. 2007-ஆம் ஆண்டில் தாய்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர், 371 நோயாளரை உட்கொண்ட 4 ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கி, ஆழமில்லாத தீப்புண்கள் கற்றாழையால் ஏறத்தாழ 9 நாள் முன்னதாக ஆறின என்று கூறினர். காளாஞ்சகப்படை என்னும் தோல்நோயில் வந்த முடிவுகளோ ஒன்றோடொன்று முரணுகின்றன. 1996-இல் பாகிஸ்தானில் 60 பேரிடம் நடத்திய சோதனையில், கற்றாழைக் களிம்பு இட்டவருள் நூற்றுக்கு 83 பேர் குணமுற்றனர்; கற்றாழையில்லாத வெறுங்களிம்பு இட்டவருள் 7 பேரே குணமுற்றனர். 2005-இல் டென்மார்க்கில் நடந்த சோதனையிலோ கற்றாழையைக் காட்டிலும் வெறுங்களிம்பே சற்று மிகுதியான பயன் அளித்தது. 1991-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, அறுவைக்குப் பின் பிளந்துபோன ஆழமான புண்கள் வழக்கமான சிகிச்சையில் 53 நாளில் ஆறின என்றும், கற்றாழைக் களிம்பிட்டபோது 83 நாள் ஆயின என்றும் உரைத்தது. 2012-இல் காக்ரேன் என்னும் ஆராய்ச்சிக் கூட்டத்தார், 347 பேரை உட்கொண்ட 7 சோதனைகளை எடைபோட்டு, புண்களுக்குக் கற்றாழை நல்லதென்று துணிதற்குப் போதிய சான்றில்லை என முடித்தனர்.

இம்முடிவுகளால் நாம் கொள்ளத்தக்கது யாது? மேலோடு கூடிய சிறு சூட்டுக்கும், வெயில் எரிச்சலுக்கும், வறட்சிக்கும் கற்றாழை துணைசெய்யும். ஆழ்ந்த புண்ணுக்கும், நீடித்த தோல்நோய்க்கும் அதனை மட்டும் நம்பி இருத்தல் தகாது. இவ்வளவே. நம் நாட்டில் இருவகையார் இவ்வளவோடு அமைவதில்லை. முன்னோர் கூறியன யாவும் மெய் என்று ஒரு சாராரும், யாவும் பொய் என்று மறுசாராரும் வழக்காடுகின்றனர். இவ்வழக்கு நம் நெடுஞ்சாலைக்குப் பழையது. 1921-இல் சென்னை மாகாண அரசாங்கத்தார் நாட்டு வைத்திய முறைகளை ஆராயுமாறு முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை நிறுவினர். அக்குழு 1923-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் பயனாய்த் தோன்றிய இந்திய வைத்தியப் பள்ளி கீழ்ப்பாக்கத்தில் நடந்தது. 1960-இல் அங்கே மேனாட்டு முறை மருத்துவக் கல்லூரி எழுந்தது. சித்த வைத்தியம் இப்பொழுது அரும்பாக்கத்து அரசினர் இந்திய மருத்துவ மனையிலும், தாம்பரத்தில் 2005-இல் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் பயிலப்பெறுகின்றது. கற்றாழையைப் போற்றவேண்டுவது பழமை என்பதற்காகவன்று; தூற்றவேண்டுவதும் அதற்காகவன்று. சோதித்து நின்றதைப் பற்றிக்கொள்ளுதலே இரு சாராருக்கும் ஏற்ற நெறி.

தீச்சுட்ட புண்ணைக் குறித்து ஈண்டு ஒரு சொல் கூறாது செல்லுதல் முறையன்று. நம் இல்லங்களில் கொதிநீரோ எண்ணெயோ கையிற் கொட்டிவிட்டால், சிலர் பற்பசையைத் தடவுவர். சிலர் மை ஊற்றுவர். சிலர் இட்டிலி மாவைப் பூசுவர். சிலர் கற்றாழையைத் தேடி ஓடுவர். முதலில் வேண்டுவது குழாய் நீரே. சுட்ட இடத்தை ஓடும் நீரில் 20 நிமிடம் வைத்தல் வேண்டும். தோலில் வெம்மை நீங்கிய பின்னர், புண் சிறிதாயும் தோல் கிழியாமலும் இருப்பின் தூய்மையான கற்றாழைச் சதையை இடலாம். தோல் உரிந்திருப்பினும், புண் உள்ளங்கையினும் பெரிதாயினும், முகத்திலோ குழந்தைக்கோ நேரினும் உடனே மருத்துவமனை செல்லுதல் வேண்டும். தீக்காய மருத்துவத்திற்குப் பெயர்பெற்ற பிரிவு கீழ்ப்பாக்கம் அரசினர் மருத்துவமனையில் உளது. எம் ஊரிலிருந்து அதே சாலையிற் கிழக்கே சென்றால் அதனை அடையலாம். வீட்டிலே களிம்பு தேடி இழக்கும் நாழிகை சில வேளை உயிரையே இழப்பிக்கும்.

இதுகாறும் கூறியன செடியைப் பற்றியவை. இனிக் கூறுவது அதனைக்கொண்டு நடக்கும் வாணிகத்தைப் பற்றியது. என் நெஞ்சை மிகுதியும் உறுத்துவதும் இதுவே. கற்றாழையைத் தோலுக்கு ஈரம் தருவது என்று மட்டும் விற்றால் பொருள் விரைந்து விலைபோகாதென எண்ணினர் போலும். அது கருமேனியை வெண்மேனியாக்கும் என்றும், பதினைந்து நாளில் நிறம் மாறும் என்றும் பறைசாற்றுகின்றனர். என்னோடு பயிலும் தோழர் ஒருவர், இயல்பிலே நல்லுரை ஆற்றும் திறமுடையவர், கல்லூரி மேடை ஏறுதற்குக் கூசி நின்றார். காரணம் வினவியபோது, தம் முகத்தின் கருமை விளக்கொளியில் மிகுந்து தோன்றுமென்றும், கற்றாழைக் களிம்பு சில திங்கள் தடவி நிறம் மாறிய பின்னர் ஏறுவதாகவும் சொன்னார். களிம்பின் விலையை யான் பெரிதாக எண்ணவில்லை. சொல்வன்மையுடைய நாவொன்று தோலின் நிறங் கருதி வாயடைத்து நிற்றலே பேரிழப்பு. பெண்மக்களுக்கோ இத்துன்பம் பன்மடங்கு; மணம் பேசும்போது படிப்பும் பண்பும் பின்னிற்க, நிறமே முன்னிற்கின்றது.

தமிழிலக்கியம் பயில்வார் இதனைக் கண்டு வியப்பெய்தாதிருத்தல் அரிது. நம் சங்கச் சான்றோர் பெண்ணின் அழகைப் புகழுங்கால் மாமை என்றனர். மாமையாவது மாந்தளிர் போன்ற கருமை சார்ந்த செழுநிறம். தலைவன் பிரிவால் அம்மாமை கெட்டு மேனி வெளிறிப்போதலைப் பசலை என்றனர். வெள்ளிவீதியார் குறுந்தொகை 27-ஆம் பாட்டில் தன் மாமையழகைப் பசலை உண்ணுகின்றதே என ஒரு தலைவியை இரங்கச் செய்தார். திருவள்ளுவரும் 119-ஆம் அதிகாரத்தைப் பசப்பினால் வரும் துன்பத்திற்கே வகுத்தார். அஃதாவது, வெளிறிய நிறத்தைப் பண்டைத் தமிழர் நோயின் அறிகுறியாகக் கண்டு வருந்தினர். அவர்தம் வழிவந்த நாம் அந்நோயை விலைகொடுத்து வாங்க முற்படுகின்றோம். சங்கப் பாட்டைத் தேர்வுக்கு மனப்பாடஞ் செய்துவிட்டு, அறைக்குத் திரும்பி வெண்மைக் களிம்பு தடவும் மாணவர்க்கு அப்பாட்டு நெஞ்சிற் புகுந்ததெனக் கூறுதல் எங்ஙனம்?

தோலின் நிறம் மெலனின் என்னும் பொருளால் அமைவது. தோலின் அடிப்பகுதியிலுள்ள சில உயிரணுக்கள் அதனை ஆக்குகின்றன. வெயிலின் கொடுங்கதிர்களை அது தாங்கிக்கொண்டு தோலின் உயிரணுக்களைக் காக்கின்றது. கருமேனியர்க்கு வெயிலால் வரும் தோற்புற்றுநோய் வெண்மேனியரைவிட மிகக் குறைவு என்பது மருத்துவர் யாவரும் ஒப்பிய உண்மை. எனவே கருமையைக் குறை என்றல், மழைக்குப் பிடித்த குடையைக் குறை என்றலை ஒக்கும். கற்றாழையிலுள்ள அலோசின் என்னும் பொருள் பரிசோதகசாலையில் மெலனின் ஆக்கத்தைச் சிறிது தடுப்பதாகக் கண்டதுண்டு. அப்பொருளைத் தனியே பிரித்துச் செறிவாக்கிச் செய்த சோதனையையும், வீட்டு முற்றத்துச் சதையையும் ஒன்றெனக் கூறுதல் நேர்மையாகாது. பிறவி நிறத்தைக் கற்றாழை மாற்றாது. விரைந்து மாற்றும் களிம்பு ஏதேனும் உளதாயின், அதனுள் வேறு கடிய மருந்து மறைந்துள்ளதோ என்று ஐயுறல் வேண்டும். ஸ்டீராய்டு என்னும் மருந்து கலந்த களிம்புகளை நெடுநாள் தடவினால் தோல் மெலிந்து, பருவும் செந்நிற நரம்புகளும் தோன்றும். அவற்றின் தீமை கண்டே 2018-இல் இந்திய அரசாங்கத்தார் அத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாதென ஆணையிட்டனர்.

சட்டமும் ஒருவாறு நமக்குத் துணை நிற்கின்றது. 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுப்பொருட் சட்டம், தூய்மைக்கும் அழகுக்கும் தோற்றத்திற்கும் உரியது அழகுப்பொருள் என வரையறுத்துள்ளது. நோய் தீர்க்கும் என்று கூறிய அளவில் அது மருந்தின் எல்லைக்குட் புகுந்து, மருந்துக்குரிய சான்றைக் காட்டும் கடமைக்கு உட்படுகின்றது. 1975-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ‘பேர் அண்டு லவ்லி’ என்னும் களிம்பு 2020-இல் வெண்மையைக் குறிக்கும் சொல்லைத் தன் பெயரினின்றும் நீக்கிக்கொண்டது. அவ்வாண்டிலேயே, 1954-ஆம் ஆண்டு விளம்பரச் சட்டத்தில் நிறத்தை வெளுப்பிப்பதாகக் கூறும் விளம்பரங்களையும் விலக்கிற் சேர்க்கும் வரைவு ஒன்றை அரசாங்கத்தார் வெளியிட்டனர். களிம்பின் பெயர் மாறிற்று. மாந்தர் நெஞ்சம் மாறினாலன்றி, வேறு பெயரில் அவ்வாணிகமே தொடரும். இன்று அது கற்றாழையின் பசுமைப் போர்வையைப் போர்த்துக்கொண்டு வருகின்றது. செடி என்றால் தீங்கில்லை என்று நம்பும் நம் எளியோர் அதனிடம் எளிதில் ஏமாறுகின்றனர்.

புட்டியிற் கற்றாழை உண்மையில் எவ்வளவு உள்ளது என்பதும் ஆராயத்தக்கது. 2016-இல் அமெரிக்காவில் புளூம்பெர்க் என்னும் செய்தி நிறுவனத்தார், பெருங்கடைகளில் விற்கப்பட்ட கற்றாழைக் குழம்புகள் சிலவற்றைப் பரிசோதகசாலைக்கு அனுப்பியபோது, அவற்றுட் கற்றாழைக்குரிய அடையாளப் பொருளே காணப்படவில்லை எனச் செய்தி வெளியிட்டனர். நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி, நூற்றுக்கு ஒரு பங்கிற்கு மேற்பட்ட சேர்மானங்களை அளவிற் பெரியது முதலாக வரிசையாய்ப் புட்டியின்மேல் எழுதுதல் வேண்டும். எனவே கற்றாழையின் பெயர் அவ்வரிசையில் கடைசியில் நின்றால், புட்டியின் முகப்பிலுள்ள பெரிய படம் உள்ளேயுள்ள சிறிய துளிக்குச் சான்றாகாதென உணரலாம். பொடி எழுத்தைப் படிக்குங் கல்வி, பேரெழுத்தை நம்பும் பேதைமையினின்றும் நம்மைக் காக்கும்.

இதற்கு ஒருவர் மறுமொழி கூறலாம். களிம்பு தடவுதல் அவரவர் விருப்பம். தம் முகத்தைத் தாம் அழகுசெய்தலைத் தடுக்க நீ யார் என வினவலாம். அழகு வேண்டுதல் குற்றமன்று என்பதை யானும் உடன்படுவேன். பூச்சூடுதலும் சாந்தணிதலும் நம் முன்னோர் இயற்றிய இன்பங்களே. தன்னை அழகுசெய்தற்கும் தன்னை வெறுத்தற்கும் வேறுபாடு உண்டு. உழைத்து வந்த முகத்தைக் கழுவிக் குளிர்ச்சி தரும் சதையைத் தடவுவார் தம் உடம்பைப் பேணுகின்றார். கண்ணாடியில் நாள்தோறும் நிறத்தை அளந்து பெருமூச்செறிவார் தம் உடம்போடு பகைகொண்டுள்ளார். முன்னதற்குக் கற்றாழை நல்ல துணை. பின்னதற்கு எச்செடியும் மருந்தாகாது.

ஆதலின் யான் வேண்டுவன சில. இடமுள்ளார் யாவரும் ஒரு தொட்டியில் சோற்றுக்கற்றாழையை வளர்த்தல் வேண்டும். அதற்கு வெயிலும், நீர் தேங்காத மணலும், வாரம் ஒருமுறை சிறிது நீரும் போதும்; மிகுந்த நீர் வேரை அழுகச் செய்யும். அடியிலுள்ள முற்றிய மடலை அறுத்து, வெட்டுவாய் கீழ்நோக்கச் சாய்த்து வைத்து, மஞ்சட்பால் முழுதும் வடிந்த பின்னர்த் தோல் சீவிக் கழுவிக் கொள்ளுதல் வேண்டும். முதன்முறை இடுவோர் முழங்கையின் உட்புறத்திற் சிறிது தடவி ஒருநாள் பார்த்து, அரிப்பில்லையாயின் முகத்தில் இடலாம். அறுத்த சதை விரைவிற் கெடுமாதலின் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்தல் நன்று. வெயிலிற் செல்லுமுன் இதனைத் தடவிக்கொண்டால் வெயில் தாக்காதென்று எண்ணுதல் தவறு. அதற்குக் குடையும் நிழலும் தலைத்துணியுமே வேண்டும். நாட்பட்ட படை, மறுவின் மாற்றம், ஆறாத புண் ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

கல்லூரி மாணவராகிய நமக்கு இதற்குமேலும் ஒரு கடமை உளது. வீட்டிலுள்ள தங்கை கருப்பென்று அழும்போது, அவள் கையிற் களிம்பைக் கொடாது மாமை என்னும் சொல்லின் பொருளைக் கொடுப்போமாக. திருமணப் பேச்சில் நிறம் கேட்கப்படும்போது, கற்ற நாம் வாளா இராது மறுத்துரைப்போமாக. மேடையேறக் கூசும் தோழர் கையைப் பற்றி முன்னிறுத்துவோமாக. சுடும் வெயிலில் மண்ணின்றித் தொங்கியும் தன் ஈரத்தை இழவாது நிற்குஞ் செடியொன்றை நம் வாயிலிற் கட்டியிருக்கின்றோம். அதனிடம் நாம் பெறவேண்டுவது குளிர்ச்சியும் உறுதியுமே. நிறத்தை நமக்குத் தந்தவர் குறைவின்றித் தந்துள்ளார். அதனைத் திருத்தும் வேலை எவருக்கும் இல்லை. பேணும் வேலையே நம்முடையது.